ரயில் கைவிட்ட வழி

பிரான்சின் மேற்கு மூலையில் கடலுக்குள் நீண்டு கிடக்கும் பிரிட்டனியின் நட்டநடுவில் கரே என்றொரு ஊர். நகரம் என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்குப் பெரிதில்லை, கிராமம் என்றால் ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய நீராவி எஞ்சின் நிற்கிறது. ‘ஈ 415’ என்று எண்ணிட்ட மாலே வகை எஞ்சின். ஒரு காலத்தில் இந்த நிலையத்திலிருந்து ஐந்து திசையில் ஐந்து தண்டவாளங்கள் பிரிந்து போயின: வடக்கே மோர்லே, வடகிழக்கே கேங்கான், கிழக்கே லூதேயாக், தெற்கே ரோஸ்போர்தென், மேற்கே கடலோரக் காமாரே. இன்று கேங்கானுக்கு மட்டும்தான் ரயில் உண்டு. மற்ற நான்கில் பெரும்பகுதி மண்ணும் பொடிச்சரளையும் பாவிய சைக்கிள் பாதை. கார் வராது, லாரி வராது, மோட்டார் சைக்கிளுக்கும் அனுமதி கிடையாது.

பிரெஞ்சு நாட்டுப்புறத்தில் இப்படிப்பட்ட பாதைகளைத் தேடி இன்று ஐரோப்பா முழுவதிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். தடித்த டயர் போட்ட சைக்கிள், இரு பக்கமும் பை, நாள் முழுக்க ஒரு ஹார்ன் சத்தம் கூடக் காதில் விழாத பயணம். யாரோ உட்கார்ந்து யோசித்து, சைக்கிள்காரர்களுக்கு என்றே போட்டுக் கொடுத்த வழி போலத் தோன்றும். உண்மை வேறு. இந்தப் பாதைகளில் அநேகமாக எல்லாமே சரக்கும் சந்தடியும் ஓடுவதற்காகப் போட்டவை. சந்தடி வேறு பக்கம் போய்விட்டது, வழி மட்டும் மிஞ்சியது. கரேயைச் சுற்றி ஒரு வட்டம் போட்டால் அந்தக் கதை முழுவதையும் பார்த்துவிடலாம்.

ஐந்து கைகள்

1879-ல் பொதுப்பணி அமைச்சராக இருந்த ஷார்ல் தெ ஃப்ரெய்சினே ஒரு பெருந்திட்டம் கொண்டுவந்தார். எந்த மூலையும் ரயிலுக்கு எட்டாமல் இருக்கக் கூடாது என்பது நோக்கம். 8,000 கிலோமீட்டருக்கு மேல் புதுப் பாதைகளுக்குச் சட்டம் வழிவிட்டது. அந்த அலையில்தான் பிரிட்டனியின் உள்நாட்டுக்கும் ரயில் வந்தது. மலைப்பாங்கான, ஏழ்மையான பகுதி, வருமானம் பெரிதாக வராது என்று தெரியும். அதனால் செலவைக் குறைக்க மீட்டர் கேஜில் போட்டார்கள். அகலம் குறைந்த தண்டவாளம் என்றால் வளைவைக் குறுக்கலாம், வெட்டும் குன்றும் கட்டும் பாலமும் சிறிதாகும். தமிழ் வாசகருக்கு மீட்டர் கேஜின் இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை. 1891-ல் கரே–மோர்லே பாதை திறந்தது. அடுத்தடுத்து மற்ற கைகள் நீண்டன. ‘பிரெட்டன் வலை’ என்று பெயர் பெற்ற அந்த அமைப்பு மொத்தம் 400 கிலோமீட்டரைத் தாண்டியது.

வேகம் என்று எதுவும் கிடையாது. ஆனாலும் அதற்கு முன் மாட்டுவண்டி வேகத்தில் நகர்ந்த ஊர்களுக்கு அது பெரிய விஷயம். உள்ளே வந்தவை நிலக்கரி, வயலுக்குச் சுண்ணாம்பு, உரம். வெளியே போனவை மாடு, பன்றி, உருளைக்கிழங்கு, மரம். ஒரு தொல்லை மட்டும் கடைசிவரை தீரவில்லை. மோர்லேயிலும் கேங்கானிலும் ரோஸ்போர்தெனிலும் அகலப் பாதையோடு சேரும் இடத்தில் சரக்கு முழுவதையும் இறக்கி வேறு வண்டிக்கு மாற்றியாக வேண்டும். மூட்டை மூட்டையாக, ஆள் வைத்து. கட்டும்போது மிச்சம் பிடித்த காசைப் பிற்பாடு கூலியாகக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள்.

அதிகம் வெளியே போன சரக்கு மனிதர்கள்தாம். வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் பாரீஸ் போன பிரெட்டன்கள் இறங்கிய இடம் மோம்பர்னாஸ் நிலையம். அதனால்தான் அந்த வட்டாரத்தில் இன்றும் தெருவுக்குத் தெரு பிரிட்டனியின் மெல்லிய தோசையான க்ரேப் விற்கும் கடை. ரோஸ்போர்தென் போகும் வழியில் கூரேன் என்றோர் ஊர். அங்கிருந்து போனவர்கள் பாரீஸோடு நிற்கவில்லை, அமெரிக்காவுக்கே கப்பலேறினார்கள். நியூ ஜெர்சியின் மில்டவுனில் மிஷெலின் நடத்திய டயர் தொழிற்சாலையில் கூரேன் பக்கத்து ஆட்கள் நிறைய வேலை பார்த்தார்கள். கூரேனின் சதுக்கத்தில் சுதந்திர தேவி சிலையின் சிறு நகல் ஒன்று நிற்பது அந்த உறவின் அடையாளம். 1914 ஆகஸ்டில் இதே சின்ன ரயில்கள்தாம் இளைஞர்களைப் போருக்கு ஏற்றிச் சென்றன. எத்தனை பேர் திரும்பவில்லை என்பதை ஒவ்வோர் ஊர்த் தேவாலயத்துக்கு அருகிலும் உள்ள கல்லில் பார்க்கலாம்.

1967-ல் மீட்டர் கேஜ் சேவை மூடப்பட்டது. கேங்கான் பாதையை மட்டும் அகலப்படுத்தி வைத்துக்கொண்டார்கள். அடுத்த ஆண்டே பிரிட்டனிக்கான நெடுஞ்சாலைத் திட்டத்துக்கு அரசு ஒப்புதல் தந்தது. சுங்கம் இல்லாத நான்குவழிச் சாலைகள். இரண்டு நிகழ்வுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும். கரேயைத் தொட்டுக்கொண்டு கிழக்கு மேற்காக ஓடும் 164-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை அந்தத் திட்டத்தின் நடு முதுகெலும்பு. அதை நான்குவழியாக்கும் வேலை துண்டு துண்டாக அரை நூற்றாண்டைத் தாண்டி இழுத்துக்கொண்டு வந்தது. இன்று இந்தச் சைக்கிள் பாதைகளில் கிடைக்கும் அமைதிக்கு விலை கொடுப்பது அந்த நெடுஞ்சாலை. லாரிகள் எல்லாம் அங்கே ஓடுகின்றன, அதனால் இங்கே குருவிச் சத்தம் கேட்கிறது.

தண்டவாளம் போன பிறகு

தண்டவாளத்தைப் பெயர்த்து இரும்புக்கு விற்றார்கள். கட்டைகளைத் தூக்கினார்கள். எஞ்சியது சில மீட்டர் அகலத்தில் மைல் கணக்கில் நீளும் ஒரு நிலக்கீற்று. அதன் மேல் முள் படர்ந்தது, பிளாக்பெர்ரி காய்த்தது, விவசாயிகள் குறுக்கே மாடு ஓட்டினார்கள். பிரான்ஸ் முழுக்க இதே நிலைதான். பல இடங்களில் அந்தக் கீற்றைத் துண்டு போட்டு விற்றுவிட்டார்கள். ஒருவர் தோட்டத்தை நீட்டிக்கொண்டார், இன்னொருவர் கொட்டகை போட்டார். ஒரு பாதை நடுவில் நூறு மீட்டர் அறுந்தாலும் அது பாதை இல்லை. துண்டாகாமல் பொது உடைமையாக நின்ற இடங்களுக்குத்தான் பின்னால் யோகம் அடித்தது.

அந்த யோகம் 1990-களின் கடைசியில் வந்தது. பர்கண்டியில் ழிவ்ரியிலிருந்து க்ளூனி வரை, திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே கிடந்த பழைய ரயில் பாதையைச் சைக்கிளுக்கும் நடைக்கும் 1997-ல் திறந்துவிட்டார்கள். 44 கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பம் குடும்பமாகக் கூட்டம் வந்ததைப் பார்த்து மற்ற மாவட்டங்களும் விழித்துக்கொண்டன. 1998-ல் தேசிய அளவில் சைக்கிள் தடங்களுக்கு ஒரு வரைவுத் திட்டம் உருவானது. 2004-ல் ‘வ்வா வெர்த்’, அதாவது பசும்பாதை, போக்குவரத்துச் சட்டத்திலேயே இடம்பிடித்தது. மோட்டார் இல்லாத வண்டிகள், நடப்பவர்கள், குதிரைக்காரர்கள் ஆகியோருக்கு மட்டுமான வழி என்று அதற்கு இலக்கணம் எழுதினார்கள்.

மோர்லேயிலிருந்து கரே வரும் பாதை இன்று எப்படி இருக்கிறது? ஊரை விட்டு வெளியேறியதும் இரு பக்கமும் ஓக்கும் பீச்சும் மேலே கை கோத்துக்கொள்கின்றன. காலடியில் வெளிறிய பழுப்பு நிறத்தில் இறுகிய பொடிச்சரளை. டயர் ஓடும்போது மெல்லிய கரகரப்பு, நேற்று மழை பெய்திருந்தால் அதுவும் இல்லாமல் ஒரு சொதசொதப்பு. நடுவில் சில இடங்களில் புல் முளைத்து, இரண்டு தடங்களாகப் பிரிந்து கிடக்கும். கற்பாறையை வெட்டி வழிவிட்ட இடங்களில் சுவர் முழுக்கப் பாசியும் பெரணியும், வெயில் நாளிலும் ஈரக் குளிர். திடீரென்று மரங்கள் விலகினால் அர்ரே மலைகளின் புதர்மண்டிய மொட்டை முதுகு தெரியும். தார்ச்சாலை குறுக்கிடும் இடத்தில் மரத் தடுப்பு, ஓர் எச்சரிக்கைப் பலகை. கடந்தால் மறுபடியும் பச்சைக் குகை.

ஏற்றம் இருக்கிறது, ஆனால் மூச்சு வாங்காது. அதற்கு நன்றி சொல்ல வேண்டியது நீராவி எஞ்சினின் பலவீனத்துக்கு. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் வழுக்கும், அதனால் நூறு மீட்டர் தூரத்துக்கு இரண்டு மூன்று மீட்டருக்கு மேல் அது ஏற மறுக்கும். பொறியாளர்கள் மலையைச் சுற்றிச் சுற்றிப் பாதையை வளைத்தார்கள், பள்ளத்தில் மண்ணைக் கொட்டி மேடாக்கினார்கள், மேட்டை வெட்டித் தணித்தார்கள். அத்தனையும் நூற்றுச் சொச்சம் ஆண்டு கழித்து, அறுபது வயதுக்காரர் ஒருவர் முழங்கால் வலியில்லாமல் மலையைக் கடக்க உதவுகிறது. வடிகாலையும் அவர்களே அமைத்து வைத்துப் போனார்கள். பக்கத்து வயல் குளமாக நிற்கும்போதும் பாதை பெரும்பாலும் நடக்கத் தோதாகவே இருக்கும்.

வழி நெடுக கேட் கீப்பர் வீடுகள். ஒரே அச்சில் வார்த்தது போல இரண்டு அறை, கல் சுவர், ஸ்லேட் கூரை. பெரும்பாலும் தண்டவாளத் தொழிலாளியின் மனைவிதான் கேட் கீப்பர். அடுப்படி வேலையையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டே ரயில் நேரத்துக்கு வெளியே வந்து கதவைச் சாத்த வேண்டும். சம்பளம் சொற்பம், குடியிருக்க வீடு. இன்று அவற்றில் சில கோடை வீடுகள், சில வாடகைக்கு விடும் தங்குமிடங்கள். நிலையக் கட்டடங்களின் முகப்பில் ஊர்ப்பெயர் இன்னும் அழியாமல் இருக்கிறது. பிளாட்பாரத்தின் விளிம்புக்கல் மட்டும் புல்லுக்குள்ளிருந்து எட்டிப்பார்க்கும். சைக்கிளைச் சாய்த்து வைக்கச் சரியான உயரம்.

படகு இழுத்த கரை

கரேக்குத் தெற்கே சில கிலோமீட்டர் இறங்கினால் நான்த்–பிரெஸ்த் கால்வாய். ரயிலை விடப் பழையது. நெப்போலியன் காலத்தில் ஆங்கிலேயக் கப்பற்படை பிரெஸ்த் துறைமுகத்தை வெளியே வர முடியாமல் முற்றுகையிட்டிருந்தது. கடல் வழி அடைபட்டதால் உள்நாட்டு நீர்வழி ஒன்று வேண்டும் என்று 1811-ல் முடிவெடுத்தார்கள். 364 கிலோமீட்டர், படகை மட்டம் மாற்றி ஏற்றி இறக்கும் பூட்டு மதகுகள் 230-க்கு மேல். கால்வாய் முழுமையாகத் திறந்தது 1842-ல். அதற்குள் நெப்போலியன் இறந்து இருபது ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது, முற்றுகையும் எப்போதோ கலைந்திருந்தது. போர்த் தேவைக்கு வெட்டிய கால்வாயில் கடைசியில் போனவை ஸ்லேட்டும் மரமும் சுண்ணாம்பும்தான்.

கரேக்குக் கிழக்கே க்ளோமெல் என்ற இடத்தில் இரண்டு ஆற்றுப் படுகைகளுக்கு நடுவே உள்ள மேட்டைப் பிளந்தாக வேண்டியிருந்தது. மூன்று கிலோமீட்டர் நீளம், சில இடங்களில் 20 மீட்டருக்கு மேல் ஆழம். 1823-லிருந்து 1832 வரை அதை வெட்டியவர்களில் பெரும்பாலோர் படையிலிருந்து ஓடிப் பிடிபட்ட சிப்பாய்களும் கைதிகளும். மண்வெட்டி, கடப்பாரை, கைவண்டி. இன்று அந்தப் பெருவெட்டின் கரையில் சைக்கிளை மிதிப்பவருக்கு இரு பக்கமும் உயர்ந்த மரச்சரிவு, நடுவே அசையாத கரும்பச்சைத் தண்ணீர். பத்து ஆண்டு உழைப்பைப் பத்து நிமிடத்தில் கடந்துவிடுகிறார்கள்.

கால்வாயைக் கொன்றது மின்சாரம். 1923-ல் தொடங்கி 1930-ல் முடிந்த கெர்லேதான் நீர்மின் அணை, கால்வாயின் பதினேழு பூட்டு மதகுகளையும் காவலர் வீடுகளையும் தண்ணீருக்குள் முழுக்கிவிட்டது. படகு போக மாற்று வழி செய்து தரப்படவில்லை, கால்வாய் இரண்டாக அறுந்தது. மேற்குப் பகுதி 1957-ல் நீர்வழிப் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது. 2015-ல் அணையைப் பழுதுபார்க்கத் தண்ணீரை வடித்தபோது மூழ்கிய பள்ளத்தாக்கு மேலே வந்தது. மதகுச் சுவர்களும் கூரையிழந்த வீடுகளும் பட்டுப்போன மரங்களும் சேற்றில் நின்றதைப் பார்க்க இலட்சக்கணக்கில் ஆட்கள் திரண்டார்கள்.

படகு போய்விட்டாலும் கரை இருந்தது. அது வெறும் கரை இல்லை, இழுபாதை. எஞ்சின் வருவதற்கு முன்னால் படகைக் குதிரை இழுத்தது. குதிரைக்கு வசதியில்லாத படகோட்டி தானும் மனைவியும் பிள்ளைகளுமாகத் தோளில் வாரைப் போட்டு இழுத்தார். இழுகயிறு சிக்கக் கூடாது என்பதால் கரையோரம் மரம், புதர், வேலி எதுவும் இருக்க விடமாட்டார்கள். பாதை தண்ணீரை ஒட்டி, தட்டையாக, அறாமல் போக வேண்டும். இந்த மூன்றும்தான் இன்றைய சைக்கிள்காரருக்கும் வேண்டியவை. பூட்டு மதகுகளின் காவலர் வீடுகள் சில கஃபேக்களாகிவிட்டன. வெளியே நான்கு மேசை, கோதுமை க்ரேப், ஆப்பிள் மதுவான சிடர். கதவைத் திறக்கும் இரும்புக் கைப்பிடிச் சக்கரத்துக்கு வண்ணம் பூசியிருப்பார்கள், சுவரோரம் ஜெரேனியம் தொட்டி. ஒரு காலத்தில் அந்தக் காவலர் இரவிலும் படகுக்காரர் குரல் கேட்டால் எழுந்து வந்து கதவு திறந்தார். இப்போது அங்கே மணி பார்த்துச் சமையலறையை மூடுகிறார்கள்.

பள்ளத்து வழிகள்

ரயிலும் கால்வாயும் பாரீஸில் வரைந்த திட்டங்கள். ஊர்க்காரர்கள் தாங்களே நடந்து நடந்து போட்ட வழிகள் வேறு. பிரிட்டனியில் வயலுக்கும் வயலுக்கும் நடுவே ஆள் உயர மண்வரப்பு, அதன் மேல் மரம். இரண்டு வரப்புகளுக்கு இடையில் வண்டித்தடம் தலைமுறை தலைமுறையாக அரைபட்டுப் பள்ளமாக இறங்கிப் போகும். மழைக்காலத்தில் அது ஓடை, கோடையில் நிழல் வழி. மாடு, பள்ளிக்கூடம் போகும் பிள்ளை, கல்யாண ஊர்வலம், சவ ஊர்வலம் எல்லாம் அதில்தான். 1950-களுக்குப் பிறகு நிலச் சீரமைப்பு வந்தது. சிதறிக் கிடந்த துண்டு நிலங்களைச் சேர்த்து ட்ராக்டர் திரும்பும் அளவுக்குப் பெரிய வயல்களாக்கினார்கள். புல்டோசர் வரப்புகளைத் தள்ளியது, பள்ளத்து வழிகளை மண் மூடியது. சில ஊர்களில் அண்ணன் தம்பிக்குள்ளேயே பேச்சு நின்றுபோனது. விளைச்சல் கூடியது உண்மை. மழைநீர் தடுப்பாரின்றி ஓடியதும் உண்மை. பிற்பாடு அதே அரசு வேலிமரம் நடுவதற்குப் பணம் கொடுத்தது.

தப்பித்த தடங்களை உள்ளூரில் ‘ரிபின்’ என்பார்கள். கரேக்கு வடமேற்கே லானிலிஸ் வட்டாரத்தில் அந்தத் தடங்களுக்கு இன்று உலகப் பெயர். பிரெட்டன் மொழி வழியில் பாடம் சொல்லும் திவான் பள்ளிக்கு நிதி திரட்டுவதற்காக 1984-ல் ழான்-போல் மெலுவே ஒரு சைக்கிள் பந்தயம் தொடங்கினார். ‘த்ரோ ப்ரோ லேயோன்’. பந்தயம் தார்ச்சாலையை விட்டு விலகி இந்தத் தடங்களுக்குள் புகுந்து புறப்படும். முதலாவதாக வரும் பிரெட்டன் வீரருக்குப் பரிசு ஓர் உயிருள்ள பன்றிக்குட்டி. அன்று அதை நாட்டுப்புற வேடிக்கை என்றார்கள். 2024-ல் டூர் தெ பிரான்ஸே த்ருவா நகரைச் சுற்றிய ஒரு நாள் பந்தயத்தில் வீரர்களை 14 பகுதிகளாக மொத்தம் 32 கிலோமீட்டர் வெள்ளைச் சரளைத் தடத்தில் ஓடவிட்டது. திராட்சைத் தோட்டத்து ட்ராக்டர் வழியைத் தொலைக்காட்சி நேரலையாகக் காட்டியது.

சக்கரம் திரும்பிய கதை

சரளையில் சைக்கிள் ஓட்டுவதை இன்று புது விளையாட்டு போல விற்கிறார்கள். 1891-ல் முதல் பாரீஸ்–பிரெஸ்த்–பாரீஸ் ஓட்டம் நடந்தபோது பெரும்பாலான சாலைகள் அப்படித்தான் இருந்தன. ஏறத்தாழ 1,200 கிலோமீட்டரை ஷார்ல் தெரோன் 71 மணி 22 நிமிடத்தில் முடித்தார். கழற்றிப் பஞ்சர் ஒட்டக்கூடிய மிஷெலின் காற்று டயர்தான் அவருக்குக் கைகொடுத்தது. ஜல்லியும் புழுதியும் குதிரைலாடத்திலிருந்து கழன்ற ஆணியுமாக இருந்த சாலையில் அது பெரிய காரியம். பிறகு கார் வந்தது, கார் கிளப்பிய புழுதியை அடக்கத் தார் வந்தது, தார் வந்ததும் காரின் வேகம் கூடியது. கடைசியில் அந்த வேகத்துக்குப் பயந்துதான் சைக்கிள்காரர் மீண்டும் புழுதிக்கே திரும்புகிறார். பாரீஸ்–பிரெஸ்த்–பாரீஸ் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை இன்றும் நடக்கிறது. தார்ச்சாலையில்தான். கரே அதில் முத்திரை வாங்கும் நிலையங்களில் ஒன்று. அண்மைய ஓட்டங்களில் இந்தியர்களும் கணிசமாகக் கலந்துகொண்டு, தூக்கம் சொருகும் கண்ணோடு அங்கே வந்து சூப் குடித்துப் போயிருக்கிறார்கள்.

வண்டியின் கதையும் அப்படித்தான். 1930-களிலும் 40-களிலும் பிரெஞ்சுச் சுற்றுலாச் சைக்கிள்காரர்கள் விரும்பியது 650பி என்ற சக்கர அளவு. விட்டம் கொஞ்சம் குறைவு, டயர் அகலம், காற்று குறைவு, குலுக்கல் குறைவு. லெவல்லுவா-பெர்ரேயின் அலெக்ஸ் சாங்கர், ரெனே எர்ஸ் போன்ற பட்டறைகள் மட்கார்டு, விளக்கு, பை தாங்கி எல்லாம் சேர்த்து அளவெடுத்துச் செய்து கொடுத்தன. பந்தயச் சைக்கிள் மோகம் வந்து மெல்லிய டயர்தான் சைக்கிள் என்றானபோது 650பி கிழவர்களின் வண்டி ஆனது. 2010-களில் கிராவல் சைக்கிள் என்ற பெயரில் வளைந்த கைப்பிடியும் தடித்த டயரும் திரும்பி வந்தபோது அதனோடு அந்தச் சக்கர அளவும் வந்துவிட்டது. விலைச்சீட்டு மட்டும் புதிது.

மோர்லேக்கும் வடக்கே உள்ள ரோஸ்கோஃப் துறைமுகத்தில் இன்னொரு திருப்பம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து ரோஸ்கோஃப் விவசாயிகள் தங்கள் இளஞ்சிவப்பு வெங்காயத்தைக் கப்பலேற்றிப் போய் இங்கிலாந்தில் வீடு வீடாக விற்றார்கள். பின்னாளில் சைக்கிள் கைப்பிடியில் வெங்காயச் சரங்களைத் தொங்கவிட்டுத் தெருத்தெருவாகப் போன அவர்களை ஆங்கிலேயர் ‘ஜானி’ என்று அழைத்தார்கள். 1973-ல் காய்கறி விவசாயிகளே சேர்ந்து ரோஸ்கோஃபிலிருந்து பிளிமத்துக்குக் கப்பல் விட்டார்கள். நோக்கம் காலிஃபிளவரை விற்பது. இன்று அதே வழியில் ஆங்கிலேயர்கள் சைக்கிளோடு வந்து இறங்குகிறார்கள். 2012-ல் ‘வேலோதிஸே’ என்று பெயரிட்டுத் திறந்த அட்லாண்டிக் தடம் ரோஸ்கோஃபில் தொடங்கி, மோர்லே–கரே ரயில் வழியாகவும் நான்த்–பிரெஸ்த் கால்வாய்க் கரை வழியாகவும் ஸ்பெயின் எல்லை வரை 1,200 கிலோமீட்டருக்கு மேல் போகிறது.

மணலா, தாரா?

பாதை போட்டாகிவிட்டது, வாக்குவாதம் ஓயவில்லை. பொடித்த கல்லையும் மணலையும் சரியான அளவில் கலந்து, கொஞ்சம் சுண்ணாம்போ சிமெண்டோ சேர்த்து, நீர் தெளித்து உருளை ஓட்டி இறுக்குவதுதான் முறை. நடுவில் சற்றே உயர்த்தி ஓரத்துக்குத் தண்ணீர் வழிய விட வேண்டும். செலவு தாரை விடக் குறைவு, மண்ணுக்குள் மழை இறங்கும், நடப்பவரின் முழங்காலுக்கும் குதிரையின் குளம்புக்கும் இதம். ஆனால் நான்கு இலையுதிர் காலம் போனால் விழுந்த இலை மக்கி மேலே ஒரு கறுப்புச் சேறு படியும். கால்வாய்க் கரையில் வேர் கிளம்பும். சக்கர நாற்காலிக்காரருக்கும், குழந்தை வண்டி தள்ளும் தாய்க்கும், ஈர மண்ணில் உடுப்பு நனையாமல் வேலைக்குப் போக வேண்டியவருக்கும் தார்தான் தேவை. சரளை தேடி வரும் விருந்தாளி தாரைப் பார்த்து முகம் சுளிப்பார். மோட்டார் சைக்கிளைத் தடுக்கப் போட்ட மரத் தடுப்புக்கூட, பெரிய சுமைச் சைக்கிள் நுழைய முடியாமல் சண்டைக்கு இடமாகிறது.

இதை விடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. பாதையில் வண்டி இல்லை, ஆனால் பாதையோரத்து ஊர்களில் வண்டி இல்லாமல் வாழ முடியாது. மருத்துவரிடம் போக, கடைக்குப் போக, மேல்நிலைப் பள்ளிக்குப் போக, எல்லாவற்றுக்கும் கார்தான். 1967-க்கு முன் கார் இல்லாத கூரேன் பாட்டி ரயிலேறி ரோஸ்போர்தென் சந்தைக்குப் போய்வந்தார். இன்று அவருடைய பேத்தி அதே தூரத்துக்குக் காரைக் கிளப்ப வேண்டும். பசும்பாதை ரயிலின் கல்லறைக்கு வைத்த மலர்வளையம் என்று ரயில் ஆர்வலர்கள் கசப்போடு சொல்வதில் நியாயம் இருக்கிறது. சைக்கிளை ஏற்றிக்கொண்டு காரில் வந்து இறங்கி, கார் இல்லாத பாதையில் ஓட்டிவிட்டு, மீண்டும் காரில் திரும்பும் விடுமுறைக் கூட்டத்தைப் பார்த்தால் அந்தக் கசப்பு இன்னும் புரியும்.

ஆனாலும் கரேயின் கணக்கு முழு நட்டம் இல்லை. மிஞ்சிய ஒற்றைக் கேங்கான் ரயிலில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு கார் இல்லாமலே வந்து சேரலாம். ஒரு கை அறாமல் இருந்ததால்தான் மற்றக் கைகளுக்கும் ஆள் வருகிறது. ரயில் மூடியபோது அந்த நிலக்கீற்றைப் பொதுச் சொத்தாக வைத்துக்கொண்டதற்கு யாரும் மாலை போடவில்லை, புதர் மண்டிய நிலத்துக்கு எதற்குப் பராமரிப்பு என்றுதான் கேட்டிருப்பார்கள். 1891-ல் எருதும் உரமும் போக எடுத்த நிலம் இன்று சைக்கிளுக்கு உதவுகிறது. நாளை பெட்ரோல் கட்டுபடியாகாமல் போய் ஊருக்கு மீண்டும் ஒரு சின்ன ரயிலோ, பள்ளிப் பிள்ளைகள் தினமும் போக நல்ல தார்ப் பாதையோ வேண்டுமென்றால், புதிதாக யாரிடமும் நிலம் கேட்டு நிற்க வேண்டியதில்லை. மேலே மணலா தாரா தண்டவாளமா என்பது அந்தந்தக் காலத்துக்காரர்கள் பேசி முடிக்கும் விஷயம். அவர்கள் பேசி முடிக்கும் வரை ஒரு முழம்கூட விற்காமல் வைத்திருப்பதுதான் இந்தத் தலைமுறையின் வேலை.